சன்னி – ஷியா பிரிவு: எப்போது, எதனால், எப்படி உருவானது?

ஈரான், ஈராக், லெபனான், ஏமன் என்று எந்த நாட்டுச் செய்தி வந்தாலும் ஓர் அடைமொழி கூடவே வருகிறது: "ஷியா நாடான ஈரான்", "சன்னி நாடான சவூதி". அடுத்த பத்தியில் "1,400 ஆண்டுப் பகை" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் பாதிதான் சரி. நபிகள் நாயகத்துக்குப் பின் முஸ்லிம் சமூகத்துக்கு யார் தலைவர் என்ற கேள்வி பழையது, 632-இல் மதீனாவில் எழுந்தது. அந்தக் கேள்வியை முன்வைத்து மக்கள் தங்களை இரு தனி மதப்பிரிவினராக எண்ணத் தொடங்க ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிடித்தன. ஈரான் ஷியா நாடாக மாறத் தொடங்கியதோ 1501-இல், அதாவது வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கி மூன்று ஆண்டுகள் கழித்து. இந்த மூன்று காலங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இன்றைய செய்தி புரியாமல் போகிறது.

முதலில் நான்கு சொற்கள்

1. ஷியா: அரபியில் "ஷீஆ" என்றால் தரப்பு, கட்சி. "ஷீஅத்து அலி" என்பது நபிகள் நாயகத்தின் மருமகன் அலியின் தரப்பு. தொடக்கத்தில் இது வெறும் அரசியல் சொல்; "ஷீஅத்து உஸ்மான்", அதாவது அலிக்கு முன் ஆட்சித் தலைவராக இருந்த உஸ்மானின் தரப்பு என்றும் ஆட்கள் அழைக்கப்பட்டிருக்கிறார்கள்.

2. சன்னி: "சுன்னத்" என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சுன்னத் என்றதும் விருத்தசேதனம்தான் நினைவுக்கு வரும். அரபியில் அதன் பொருள் நடைமுறை, வழக்கம். குறிப்பாக நபிகள் நாயகத்தின் சொல்லும் செயலும். முழுப்பெயர் "அஹ்லுஸ் சுன்னத் வல் ஜமாஅத்": நபிவழியையும் சமூகத்தின் ஒற்றுமையையும் பற்றி நிற்போர்.

3. இமாம்: அதிகக் குழப்பம் தருவது இதுதான். சன்னி வழக்கில் தொழுகையை முன்நின்று நடத்துபவர் இமாம். பெரிய மார்க்க அறிஞரும் இமாம். ஷியாக்களும் இந்தப் பொருளில் சொல்வதுண்டு. ஆனால் அவர்களது கோட்பாட்டில் "இமாம்" என்பது நபியின் குடும்பத்தவராக, இறைவனால் நியமிக்கப்பட்டு, பிழை செய்யாதவராக இருக்கும் வழிகாட்டி. அப்படிப்பட்டவர்கள் எண்ணி 12 பேர் மட்டுமே என்பது பெரும்பான்மை ஷியாக்களின் நம்பிக்கை.

4. பைஅத்: கைமேல் கை வைத்துக் கொடுக்கும் விசுவாச உறுதிமொழி. அன்றைய அரபு அரசியலில் ஆட்சி உரிமை இதில்தான் இருந்தது. பைஅத் கிடைத்தவர் தலைவர். கொடுக்க மறுத்தவர் வீட்டில் சும்மா இருந்தாலும் சந்தேகத்துக்குரியவர். கீழே வரும் சகீஃபா முதல் கர்பலா வரை நடந்த எல்லாமே யார் யாருக்கு பைஅத் கொடுத்தார், யார் மறுத்தார் என்ற கணக்குதான்.

கதீர் கும்: ஒரு சொல்லின் பொருள்

நபிகள் நாயகம் தம் கடைசி ஹஜ்ஜை முடித்துவிட்டு மதீனா திரும்பும் வழியில், ஹிஜ்ரி 10, துல்ஹஜ் 18 அன்று கதீர் கும் என்ற நீர்நிலை அருகே பயணிகளை நிறுத்தினார். அலியின் கையை உயர்த்தி, "நான் யாருக்கு மௌலாவோ, அவருக்கு அலியும் மௌலா" என்றார். இந்த வாசகம் சன்னிகளின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே சொன்னாரா இல்லையா என்பதில் பெரிய வழக்கில்லை. "மௌலா" என்றால் என்ன என்பதுதான் வழக்கு.

அரபியில் அந்தச் சொல்லுக்குத் தலைவர், ஆதரவாளர், நண்பர், காப்பாளர், விடுதலை பெற்ற அடிமை எனப் பல பொருள்கள் உண்டு. நமக்குத் தெரிந்த மௌலானா, மௌலவி என்ற சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவை.

சன்னி விளக்கம்: ஏமன் பயணத்தில் அலியோடு சென்ற சிலர் பொருள் பங்கீடு தொடர்பாக அவர்மேல் மனத்தாங்கலுடன் வந்திருந்தார்கள். அவர்களை அடக்கி, அலியை நேசிக்க வேண்டும் என்று உணர்த்தவே நபி இதைச் சொன்னார். வாரிசை அறிவிப்பதாக இருந்தால் கலீஃபா (நபிக்குப் பின் தலைமை ஏற்பவர்), அமீர் (தலைவர்) போன்ற தெளிவான சொல்லையே பயன்படுத்தியிருப்பார்.

ஷியா விளக்கம்: அந்த வாசகத்துக்கு முன்னால் நபி கூட்டத்தைப் பார்த்து, "நம்பிக்கையாளர்கள் மீது அவர்களைவிட எனக்கு அதிக உரிமை இல்லையா?" என்று கேட்டார். அது குர்ஆன் 33:6-இன் கருத்து. அதை ஒட்டி வரும் மௌலா, அதிகாரம் உடையவர் என்ற பொருளை மட்டுமே தாங்கும். ஷியாக்கள் அந்த நாளை "ஈதே கதீர்" என்ற பெருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

632: சகீஃபா சாவடியில்

கதீர் கும் நிகழ்ந்து சுமார் இரண்டரை மாதத்தில் நபிகள் நாயகம் மதீனாவில் மறைந்தார். உயிரோடு இருந்த ஆண்மக்கள் இல்லை. மகள் ஃபாத்திமா இருந்தார். அவருடைய கணவர் அலி, நபியின் பெரியப்பா மகன். நபியின் வீட்டிலேயே வளர்ந்தவர்.

உடலைக் குளிப்பாட்டும் பணியில் அலியும் நபியின் சிற்றப்பா அப்பாஸும் இருந்த நேரத்தில், மதீனாவின் உள்ளூர்க்காரர்களான அன்சாரிகள், பனூ சாஇதா குலத்தின் சகீஃபாவில் கூடினார்கள். சகீஃபா என்றால் கூரை வேய்ந்த கூடுமிடம். நம்மூர்ச் சாவடி மாதிரி. செய்தி எட்டியதும் மக்காவிலிருந்து வந்த நபித்தோழர்களான அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் அங்கே விரைந்தார்கள். அன்று மதீனாவில் இருந்த வாதங்கள் மூன்று:

1. அன்சாரிகள்: அடைக்கலம் கொடுத்தது நாங்கள், ஊர் எங்களுடையது. கஸ்ரஜ் குலத்தின் சஅத் இப்னு உபாதா தலைவராகட்டும். ஒத்துவராவிட்டால், "எங்களில் ஓர் அமீர், உங்களில் ஓர் அமீர்".

2. மக்காவிலிருந்து வந்தவர்கள்: நபியின் குலமான குறைஷியைத் தவிர வேறு யாரையும் அரபுக் குலங்கள் தலைவராக ஏற்கமாட்டா. இரண்டு தலைவர் என்றால் சமூகம் உடையும்.

3. நபி குடும்பத்தார்: குறைஷி என்பதால் உரிமை என்றால், குறைஷிகளுக்குள் நபிக்கு மிக நெருங்கிய வீட்டுக்கு அல்லவா முதல் உரிமை? இந்த வாதத்தை வைக்க வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

முடிவைத் தீர்மானித்ததில் மதீனாவின் உள்ளூர்ப் பகைக்கும் பங்கு உண்டு. அன்சாரிகளுக்குள் அவ்ஸ், கஸ்ரஜ் என இரு குலங்கள். இஸ்லாத்துக்கு முன் பல தலைமுறை சண்டை. கஸ்ரஜ்காரர் தலைவராவதைவிட வெளியூர்க் குறைஷி ஆவது மேல் என்று அவ்ஸ் குலத்தார் நினைத்திருந்தால் வியப்பில்லை. உமர் கையை நீட்டி அபூபக்கருக்கு பைஅத் கொடுத்தார்; மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அது முன்திட்டமில்லாமல் அவசரத்தில் நடந்தது என்றும், அதன் தீங்கிலிருந்து இறைவன் காத்தான் என்றும், அதை யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் பின்னாளில் உமரே சொன்னதாக சன்னிகளின் முதன்மைத் தொகுப்பான புகாரியில் பதிவாகியிருக்கிறது.

அலி உடனே பைஅத் கொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, ஃபாத்திமா மறைந்த பிறகு கொடுத்தார் என்கிறது அதே புகாரி. இடையில் ஃபதக் என்ற பேரீச்சந்தோப்பு நிலம் பற்றிய வழக்கு வேறு. ஃபாத்திமா அதைத் தந்தை சொத்து என்று கேட்டார். நபிமார்கள் விட்டுச்செல்வது வாரிசுச் சொத்தாகாது, அது தர்மம் என்று நபி சொல்லக் கேட்டதாக அபூபக்கர் மறுத்தார். ஒரு தோப்புதான், ஆனால் அதில் இருந்த கேள்வி பெரியது. நபியிடமிருந்து எதுவுமே வாரிசாக வராது என்றால், தலைமை மட்டும் எப்படி வரும்? பின்னால் வரும் பாகக் கணக்கைப் பார்க்கும்போது இது மீண்டும் தேவைப்படும்.

இவ்வளவு நடந்தும் 632-இல் யாரும் தனிப் பள்ளிவாசல் கட்டவில்லை. தனித் தொழுகை முறையும் இல்லை. முதல் கலீஃபா அபூபக்கர், அவருக்குப் பின் வந்த உமர் இருவர் காலத்திலும் அலி வாளெடுக்கவில்லை. உமருக்கு ஆலோசனை சொல்பவராகவும் இருந்தார். "அன்றே பிரிந்தார்கள்" என்பது பின்னால் இருந்து பார்ப்பவர்களின் கணக்கு.

கூஃபா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

உமர் 644-இல் கொல்லப்படும் முன், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் குழுவை அமைத்தார்: அலி, உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், சஅத் இப்னு அபீ வக்காஸ், தல்ஹா, ஸுபைர். கடைசியில் மிஞ்சியவர்கள் அலியும் உஸ்மானும். குர்ஆனையும் நபிவழியையும் முந்தைய இரு கலீஃபாக்களின் நடைமுறையையும் பின்பற்றுவீர்களா என்று அப்துர் ரஹ்மான் இருவரையும் கேட்டார். உஸ்மான் தயங்காமல் சம்மதித்தார். அலி கடைசி நிபந்தனைக்கு அப்படியே கட்டுப்படவில்லை. பதவி உஸ்மானுக்குப் போனது.

இதற்குள் அரசு ஈராக், சிரியா, எகிப்து வரை விரிந்துவிட்டது. போர்வீரர்கள் புதிதாக எழுப்பிய படைநகரங்களில் குடியேற்றப்பட்டார்கள். ஈராக்கில் கூஃபா, பஸ்ரா. யார் எவ்வளவு முன்னால் இஸ்லாத்துக்கு வந்தார் என்பதை வைத்து ஒவ்வொருவருக்கும் ஆண்டு உதவித்தொகைப் பதிவேடு இருந்தது. நிலத்தை வென்றவர்கள் கூஃபாக்காரர்கள். ஆனால் உபரி வருவாய் மதீனாவுக்குப் போனது, ஆளுநர் பதவிகள் உஸ்மானின் உமய்யா குல உறவினர்களுக்குப் போயின. அந்தக் கசப்பு 656-இல் எகிப்து, கூஃபா, பஸ்ரா ஆட்கள் மதீனாவில் உஸ்மானின் வீட்டை முற்றுகையிட்டு அவரைக் கொல்வதில் முடிந்தது. அதன்பிறகே அலி கலீஃபா ஆனார். அவர் தலைநகராக ஆக்கிக்கொண்டதும் கூஃபாவைத்தான். அலி மேல் பற்று, உமய்யாக்களின் சிரியத் தளமான தமஸ்கஸ் மேல் கோபம், தனக்கு வரவேண்டிய பங்கு வரவில்லை என்ற வருத்தம் மூன்றும் அந்த ஒரே ஊரில் சேர்ந்தன.

அலியின் ஐந்தாண்டு ஆட்சி முழுக்க உள்நாட்டுப் போர். மூன்று எதிரிகள்:

1. நபியின் மனைவி ஆயிஷா, தல்ஹா, ஸுபைர்: உஸ்மானின் கொலைக்கு நீதி கேட்டவர்கள். 656 டிசம்பரில் பஸ்ரா அருகே ஒட்டகப் போர். ஆயிஷாவின் ஒட்டகத்தைச் சுற்றிச் சண்டை நடந்ததால் அந்தப் பெயர். தல்ஹாவும் ஸுபைரும் உயிரிழந்தார்கள். ஆயிஷாவை அலி மரியாதையுடன் மதீனாவுக்கு அனுப்பிவைத்தார்.

2. முஆவியா: சிரியாவின் ஆளுநர், உஸ்மானின் உறவினர். 657-இல் யூப்ரடீஸ் கரையில் ஸிஃப்ஃபீன் போர். தோல்வி நெருங்கிய நேரத்தில் சிரியப் படையினர் குர்ஆன் ஏடுகளை ஈட்டிமுனையில் உயர்த்தி மத்தியஸ்தம் கேட்டார்கள். அலியின் படையில் பலர் போரை நிறுத்தச் சொல்லி அவரை நெருக்கினார்கள்.

3. காரிஜியாக்கள்: மத்தியஸ்தத்தை ஏற்றதே பாவம், தீர்ப்பு இறைவனுக்கு மட்டுமே என்று அலியின் படையிலிருந்தே பிரிந்தவர்கள். 658-இல் நஹ்ரவானில் அவர்களை அலி தோற்கடித்தார். அவர்களில் ஒருவனான இப்னு முல்ஜம் 661-இல் கூஃபா பள்ளிவாசலில் அலியை வாளால் வெட்டினான்.

அலியின் மூத்த மகன் ஹசன் முஆவியாவுடன் உடன்படிக்கை செய்து விலகினார். முஆவியா கலீஃபா ஆனார்; தலைநகர் தமஸ்கஸுக்கு மாறியது. அடுத்த பல பத்தாண்டுகள் உமய்யா ஆட்சியில் வெள்ளிக்கிழமை மேடைகளில் அலியை இகழும் வழக்கம் இருந்தது; அதே உமய்யா வம்சத்தின் இரண்டாம் உமர் (717–720) அதை நிறுத்தினார்.

கர்பலா: 680 அக்டோபர் 10

முஆவியா தன் மகன் யஸீதுக்கு முன்கூட்டியே பைஅத் வாங்கினார். கலீஃபா பதவி வெளிப்படையாகத் தந்தை வழி மகனுக்குப் போனது அதுதான் முதல் முறை. அலியின் இரண்டாம் மகன் ஹுசைன் பைஅத் கொடுக்க மறுத்து மக்காவுக்குப் போனார். கூஃபாவிலிருந்து கடிதங்கள் குவிந்தன: வாருங்கள், எங்களுக்குத் தலைவர் இல்லை.

ஹுசைன் முதலில் தன் ஒன்றுவிட்ட சகோதரர் முஸ்லிம் இப்னு அகீலை அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் அவரிடம் பைஅத் கொடுத்தார்கள். சாதகமாக இருக்கிறது என்று அவரும் எழுதினார். அதற்குள் யஸீத், பஸ்ராவில் ஆளுநராக இருந்த உபைதுல்லா இப்னு ஸியாதைக் கூஃபாவுக்கும் பொறுப்பாக்கினார். அவர் செய்தது எளிது: குலத்தலைவர்களைக் கூப்பிட்டார், சிலருக்குப் பணம், சிலருக்கு மிரட்டல், உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்ற எச்சரிக்கை. ஒரே மாலையில் முஸ்லிமைச் சுற்றியிருந்த கூட்டம் கரைந்தது. அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். செய்தி ஹுசைனை எட்டியபோது அவர் பாதி வழி வந்துவிட்டிருந்தார்.

முஹர்ரம் 2-ஆம் நாள், கூஃபாவுக்கு வடக்கே கர்பலாவில் ஹுசைனின் கூடாரங்கள் இறங்கின. எதிரே வந்த படைக்குத் தலைவர் உமர் இப்னு சஅத். 644-இல் கலீஃபாவைத் தேர்ந்தெடுத்த ஆறு பேரில் ஒருவரான சஅத் இப்னு அபீ வக்காஸின் மகன்தான் இவர். ஈரானிலுள்ள ரய் பகுதியின் ஆளுநர் பதவி இவருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. ஹுசைனை எதிர்க்க மறுத்தால் அது போய்விடும். பழைய நூல்கள் இந்தப் படையை 4,000 என்கின்றன. ஹுசைன் பக்கம் போரிடத்தக்கவர்கள் 32 குதிரைவீரர், 40 காலாள், ஆக 72 பேர் என்பது மரபுக் கணக்கு.

7-ஆம் நாள் யூப்ரடீஸ் தண்ணீருக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. 10-ஆம் நாள், ஆஷூரா அன்று, காலையிலிருந்து பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. முதலில் ஹுசைனை வழிமறித்த படைத்தலைவர் ஹுர், அன்று காலை அவர் பக்கம் வந்து சேர்ந்து உயிரிழந்தார். தண்ணீர் கொண்டுவரப் போன தம்பி அப்பாஸ், மகன் அலி அக்பர், கைக்குழந்தை ஒன்று, கடைசியில் ஹுசைன். பெண்களும், நோயில் படுத்திருந்ததால் தப்பிய மகன் ஸைனுல் ஆபிதீனும் சிறைபிடிக்கப்பட்டுக் கூஃபாவுக்கும் பின்பு தமஸ்கஸுக்கும் நடத்திச் செல்லப்பட்டார்கள். யஸீதின் அவையில் ஹுசைனின் சகோதரி ஸைனப் பேசிய பேச்சை ஷியா மஜ்லிஸ்களில் (துக்கக் கூட்டங்களில்) இன்றும் ஓதுகிறார்கள்.

அரசியல் தரப்பாக இருந்தது மதப்பற்றாக மாறத் தொடங்கியது இங்கேதான் என்பது என் கருத்து. சகீஃபா பற்றி வாதிடலாம். கர்பலாவுக்காக அழத்தான் முடியும். கூப்பிட்டுவிட்டுக் கைவிட்ட கூஃபாக்காரர்கள் சிலர் "தவ்வாபூன்", அதாவது பாவமன்னிப்புத் தேடுவோர் என்ற பெயரில் 685-இல் தம்மைவிடப் பெரிய சிரியப் படையை எதிர்த்துப் போய் மடிந்தார்கள். குற்ற உணர்வும் துக்கமும் கலந்த அந்த மனநிலை பின்னால் ஷியா சடங்குகளின் உயிரானது.

ஹுசைனுக்காகத் துக்கப்படுவது ஷியாக்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். சன்னிக் குடும்பங்களில் அலி, ஹசன், ஹுசைன், ஃபாத்திமா என்ற பெயர்கள் எத்தனை என்று பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டில் முஹர்ரத்தை "பஞ்சா" என்று சொல்வதன் வேரும் இதுவே. ஊர்வலத்தில் வரும் ஐந்து விரல் கைச்சின்னம் நபி, ஃபாத்திமா, அலி, ஹசன், ஹுசைன் என்ற ஐவரைக் குறிக்கிறது. "அல்லாசாமி" என்று இந்துக்களும் அதற்கு வழிபாடு செய்யும் ஊர்கள் தஞ்சைப் பக்கம் உண்டு. அவர்கள் ஷியாக்களும் இல்லை, சன்னிகளும் இல்லை.

தரப்பு எப்படி மதப்பிரிவாயிற்று?

அலியின் குடும்பத்தை ஆதரித்தவர்களுக்குள் அடுத்த கேள்வி: குடும்பத்தில் யார்? ஒவ்வொரு தலைமுறையிலும் இது பிளவாயிற்று.

1. ஸைதியாக்கள்: ஹுசைனின் பேரன் ஸைத் 740-இல் கூஃபாவில் எழுச்சி செய்து கொல்லப்பட்டார். தகுதியுள்ள, வாளெடுத்து உரிமை கோரும் எந்த வழித்தோன்றலும் இமாம் என்பது இவர்கள் நிலை. முதல் இரு கலீஃபாக்களைப் பொதுவாக நிராகரிப்பதில்லை. ஏமன் ஷியாக்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

2. இஸ்மாயிலிகள்: 765-இல் ஆறாம் இமாம் ஜஅஃபர் ஸாதிக் மறைந்தபின், அவருடைய மகன் இஸ்மாயிலின் வழியைப் பிடித்தவர்கள். எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர் இவ்வழி. இந்தியாவின் போராக்களும் ஆகா கானைப் பின்பற்றும் கோஜாக்களும் இவ்வழி.

3. பன்னிரு இமாம் பிரிவினர்: இன்னொரு மகன் மூஸா காஸிமின் வழியைப் பிடித்தவர்கள். இன்று ஈரான், ஈராக், லெபனான் ஷியாக்களில் பெரும்பாலோர் இவர்கள்.

ஜஅஃபர் ஸாதிக் செய்த வேலை முக்கியம். வாளெடுக்காமல், மதீனாவில் உட்கார்ந்து பாடம் சொன்னார். இமாமுக்குப் படையோ அரியணையோ வேண்டியதில்லை. முந்தைய இமாமின் வெளிப்படையான நியமனமும் அறிவும் இருந்தால் போதும் என்ற கோட்பாடு அவர் காலத்தில் உருப்பெற்றது. தோற்றுக்கொண்டே இருந்த ஒரு தரப்பு அழியாமல் நிலைத்தது இதனால்தான். ஷியா சட்டத்துக்கு "ஜஅஃபரி" என்ற பெயரும் அவரால் வந்தது.

874-இல் பதினோராம் இமாம் இறந்தார். அவருடைய மகன் பன்னிரண்டாம் இமாமாகி மக்கள் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டுள்ளார், கடைசிக் காலத்தில் மஹ்தியாக, அதாவது மீட்பராகத் திரும்புவார் என்பது நம்பிக்கை. 941 வரை நான்கு பிரதிநிதிகள் அடுத்தடுத்து அவர் பெயரில் செய்தி சொன்னார்கள்; அதன்பின் அதுவும் நின்றது.

சன்னிப் பக்கமும் இதே காலத்தில்தான் உருவம் பெற்றது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஷியா "பிரிந்து போனது", சன்னி "அப்படியே இருந்தது" என்ற படம் தவறு. அபூபக்கர், உமர், உஸ்மான், அலி என்ற நால்வரும் நேர்வழி கலீஃபாக்கள் என்பது இன்று சன்னிகளின் அடிப்படை. ஆனால் இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டில் உஸ்மானை ஆதரித்த பலர் அலியை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அஹ்மத் இப்னு ஹன்பல் (மறைவு 855) போன்றோர் நால்வரையும் ஏற்க வேண்டும் என்று நிலைநாட்டிய பிறகே அது உறுதிப்பட்டது. சன்னி ஹதீஸ் தொகுப்பாளர்களில் புகாரி மறைந்தது 870-இல், முஸ்லிம் என்ற பெயருடையவர் 875-இல். ஷியாக்களின் முதன்மை ஹதீஸ் தொகுப்பான அல்-காஃபியைத் தொகுத்த குலைனி மறைந்தது 941-இல். இரு பக்கமும் ஆதார நூல் கைக்கு வந்த காலம் இது.

ஒரு பாகக் கணக்கும் ஒரு வேற்றுமை உருபும்

தொழுகை, நோன்பு, ஹஜ், குர்ஆன் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. நடைமுறை வேறுபாடுகளில் இரண்டை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம்.

தொழுகைக்கு முன் உடல் கழுவும் உளூச் செய்யும்போது சன்னிகள் பாதத்தைக் கழுவுகிறார்கள்; ஷியாக்கள் ஈரக்கையால் தடவுகிறார்கள். காரணம் குர்ஆன் 5:6-இல் உள்ள ஓர் உயிரொலி. முகத்தையும் கைகளையும் "கழுவுங்கள்", தலையைத் "தடவுங்கள்" என்ற சொற்களுக்குப் பிறகு "பாதங்கள்" வருகிறது. அதை "அர்ஜுலகும்" என்று ஓதினால் கழுவும் வினையோடு சேரும். "அர்ஜுலிகும்" என்று ஓதினால் தடவும் வினையோடு சேரும். இரண்டுமே ஏற்கப்பட்ட ஓதல்முறைகள்தாம்.

அடுத்தது சொத்து. ஒருவருக்கு 12 ஏக்கர். மனைவி, பெற்றோர் இல்லை. ஒரே மகளும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள்.

சன்னி சட்டம்: மகளுக்குப் பாதி, 6 ஏக்கர். மீதி 6 தந்தைவழி ஆண் உறவான தம்பிக்கு.

ஷியா சட்டம்: பிள்ளை இருக்கும்போது தம்பிக்கு இடமில்லை. மகளுக்கு 12 ஏக்கரும்.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. 750-இல் உமய்யாக்களை வீழ்த்தி வந்த அப்பாஸியர்கள் நபியின் சிற்றப்பா அப்பாஸின் வழியினர். 762-இல் ஹசனின் வழித்தோன்றல் ஒருவர் மதீனாவில் எழுச்சி செய்தபோது, கலீஃபா மன்சூர் அவருக்கு எழுதிய பதிலில் வைத்த வாதம், உரிமை சிற்றப்பா வழியில்தான் வரும், மகள் வழியில் வராது என்பதே. மகள் முழுச்சொத்தையும் பெறுவாள் என்ற சட்டத்தில் சிற்றப்பாவுக்கு ஒன்றும் கிடைக்காது. ஃபதக் தோப்பில் தொடங்கிய கேள்வி இங்கே பாகப்பிரிவினைச் சட்டமாக நிற்கிறது. இந்திய நீதிமன்றங்களிலும் ஷியா, சன்னி வாரிசுரிமை தனித்தனிதான். ஷியாக்களுக்கு அவர்கள் சட்டமே பொருந்தும் என்று பிரிவி கவுன்சில் 1841-இல் தீர்ப்பளித்தது.

பணமும் ஒன்று உண்டு. ஷியா சட்டத்தில் ஆண்டுச் செலவு போக மிஞ்சும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு "கும்ஸ்". 10 லட்சம் வரவு, 8 லட்சம் செலவு என்றால் மீதி 2 லட்சத்தில் 40,000. அதில் பாதி இமாமின் பங்கு. இமாம் மறைவில் இருப்பதால் அது மூத்த மார்க்க அறிஞரிடம் போகிறது. சன்னி உலகில் பல நாடுகளில் உலமாக்கள் அரசின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்க, ஈராக்கின் நஜஃப், ஈரானின் கும் நகரங்களின் அறிஞர்கள் மன்னரையே எதிர்க்க முடிந்ததற்கு இந்த வருமானம் ஒரு பெரிய காரணம்.

1501: ஈரான் மாறுகிறது

நபிமொழி தொகுத்த புகாரி புகாராக்காரர், முஸ்லிம் நிஷாபூர்க்காரர், இமாம் கஸ்ஸாலி தூஸ்காரர். பாரசீகப் பண்பாட்டு நிலம் நெடுங்காலம் சன்னி அறிவின் கோட்டை. 1501-இல் தப்ரீஸைப் பிடித்த ஸஃபவீ மன்னர் முதலாம் ஷா இஸ்மாயில், பன்னிரு இமாம் ஷியாவை அரச மதமாக அறிவித்தார். போதிய ஷியா அறிஞர்கள் உள்ளூரில் இல்லாததால் லெபனானின் ஜபல் ஆமில் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். மக்கள் மாறியதில் வற்புறுத்தலும் இருந்தது, பல தலைமுறைப் பிரசாரமும் இருந்தது. மேற்கே சன்னி உஸ்மானிய (ஒட்டோமான்) பேரரசு. 1514 சால்திரான் போரில் தொடங்கி 1639 உடன்படிக்கை வரை இழுத்த சண்டையில் ஈராக் கைமாறிக் கைமாறி உஸ்மானியரிடம் நின்றது. இன்றைய ஈரான்–ஈராக் எல்லைக்கு அந்த உடன்படிக்கையே அடி.

செய்தி படிக்கும்போது எங்கே தடுக்கும்?

உலக முஸ்லிம்களில் ஷியாக்கள் 10 முதல் 13 விழுக்காடு என்பது பியூ ஆய்வு மையத்தின் 2009 மதிப்பீடு. ஈரான், ஈராக், அஜர்பைஜான், பஹ்ரைன் நாடுகளில் அவர்கள் பெரும்பான்மை. இந்த வரைபடத்தை வைத்து யார் யார் பக்கம் என்று ஊகித்தால் பல இடங்களில் தவறும்:

1. 1962 முதல் 1970 வரை வட ஏமன் உள்நாட்டுப் போரில் ஸைதி ஷியா மன்னரை ஆதரித்தது சன்னி சவூதி. எதிர்த்தது சன்னி எகிப்து. பின்னாளில் சவூதி எதிர்த்துப் போரிட்ட ஏமனின் ஹூதிகளும் அதே ஸைதி மரபினரே. மாறியது மதமா, பக்கத்து வீட்டு ஆட்சியா என்று பார்க்க வேண்டும்.

2. 1980–88 ஈரான்–ஈராக் போரில் ஈராக்கின் ஷியாப் படைவீரர்கள் பெரும்பாலும் ஈராக்குக்காகவே போரிட்டார்கள்.

3. ஷியாப் பெரும்பான்மை அஜர்பைஜான் இஸ்ரேலுடன் நெருக்கம். ஈரானோ கிறித்தவ ஆர்மீனியாவுடன் நல்லுறவு. ஹமாஸ் சன்னி அமைப்பு; ஈரான் அதற்கு உதவியது.

4. 1979-க்குப் பிந்தைய ஈரானின் ஆட்சிமுறை, "மறைவில் இருக்கும் இமாமின் இடத்தில் மார்க்க அறிஞர் ஆளலாம்" என்ற புரட்சித் தலைவர் கொமெய்னியின் கோட்பாட்டில் நிற்கிறது. எல்லா ஷியா அறிஞர்களும் அதை ஏற்பதில்லை. நஜஃப் மரபு பெரிதும் நேரடி ஆட்சியிலிருந்து ஒதுங்கியே இருந்தது.

5. 2003-இல் ஈராக்கில் அரசு தகர்ந்து, பதவிகள் பிரிவுவாரியாகப் பங்கிடப்பட்டபின்தான் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பெயரை வைத்து எடைபோடும் நிலை வந்தது. 2006 பிப்ரவரியில் சாமர்ராவின் அஸ்கரி தர்காவில் குண்டு வெடித்தபின் பாக்தாத் தெருக்களில் அது படுகொலையானது. அதற்கு முன் அங்கே கலப்புத் திருமணங்கள் சாதாரணம்.

6. இதற்கு எதிர்த்திசையும் உண்டு. 1959-இல் எகிப்திலுள்ள சன்னிக் கல்வி மையமான அல்-அஸ்ஹரின் தலைவர் மஹ்மூத் ஷல்தூத், ஜஅஃபரி சட்டப்படி வழிபடுவது செல்லும் என்று ஃபத்வா கொடுத்தார். 2016-இல் முறிந்த சவூதி–ஈரான் உறவு 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் ஒட்டப்பட்டது.

உள்ளூரில் ஒரு தடுக்கல். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் பலகையில் "சுன்னத் வல் ஜமாஅத்" என்று எழுதியிருந்தால் அது ஷியாக்களிடமிருந்து தனித்துக் காட்டுவதற்காக இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது தவ்ஹீத் அமைப்புகளோடு உள்ள வேறுபாட்டைச் சொல்வது. தர்கா, மௌலிது (நபி புகழ் ஓதுதல்), மத்ஹபு (சட்டப் பள்ளி) பற்றிய வழக்கு. இருபக்கமும் சன்னிகளே. ஷியாப் பள்ளிவாசல் பார்க்க வேண்டுமென்றால் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது: ஆயிரம் விளக்கு. முஹர்ரம் கூட்டங்களுக்கு அங்கே ஏற்றிய விளக்குகள்தான் அந்தப் பகுதிக்கே பெயரானது.